2 ஜிபி ரேமோடை நினைவு மலர் செய்யிற மெஷின், 8 ஜிபி ஆக்கலாமோ?

மலர்ப்பக்கம், வெள்ளவத்தை:

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டிலை இருந்து டைப்செட்டிங் செய்யிறன். கலியாணக் காட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். கூடுதலாய் வாறது 31ஆம் நாள் நினைவு மலர். உந்த வேலையிலை நாள் தள்ளிப்போட ஏலாது. அந்தியேட்டிக்கு முதல் மலர் கையிலை இருக்கவேணும். கடைசி நேரத்திலைதான் கனடாவிலை இருக்கிற மருமகள் கவிதை அனுப்புவா, லண்டன் மகன் "இந்தப் படத்தையும் சேருங்கோ அன்ரி" எண்டு இன்னொண்டு அனுப்புவார்.

மெஷின் 2010இலை அசெம்பிள் பண்ணினது. ஜி41 மதர்போட், கோர் 2 டுவோ இ7500, 2 ஜிபி ரேம் ஒண்டு, 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அதிலை பேஜ்மேக்கர் 7, கோரல் டிரா, போட்டோஷொப் சிஎஸ்3. எழுத்தெல்லாம் பாமினி. பிரின்டர் கெனன் எல்பிபி2900. பேஜ்மேக்கரிலை மட்டும் நிண்டால் ஒரு குறையும் இல்லை. பழைய படங்களை ஸ்கேன் பண்ணி போட்டோஷொப்பிலை திறந்தவுடனைதான் கரைச்சல். ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரியும், கோரலுக்கு மாறினால் திரை வெள்ளையாய் நிக்கும். எழும்பிப் போய்த் தேத்தண்ணி வச்சுக் குடிச்சிட்டு வரலாம்.

பம்பலப்பிட்டியிலை ஒரு கடையிலை கேட்டன். பேர் வேண்டாம். மெஷினைக் கண்ணாலையும் பார்க்காமல் "அன்ரி, உதை எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுங்கோ" எண்டார். சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் இன்டர்நெட்டிலை 4 ஜிபி டிடிஆர்3 ரேம் சரியான மலிவாய்ப் போகுது, ரெண்டு எடுத்துப் போடுங்கோ எண்டு லிங்க் அனுப்பினான். அதிலை "ஏஎம்டிக்கு மட்டும்" எண்டு சின்ன எழுத்திலை கிடக்குது. என்ரை மெஷின் இன்டெல். அந்த ரேம் போடலாமோ? போட்டால் வேகம் வருமோ, இல்லாட்டிக் கடைக்காரர் சொன்னதுதான் சரியோ?

மருதானைப் பையன்:

அக்கா, அதுல காசு போடாதீங்க. கோர் 2 டுவோவுக்கு இனி எதுவும் வராது. விண்டோஸ் 11 அதுல ஏறவே ஏறாது. ஒஃபீஸ்கள்ல கழிச்சு விட்ட டெல், ஹெச்பி மெஷின் நாலாம் ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ரேமோட நல்லதாவே கிடைக்குது. ஒரு தடவை செலவு பண்ணிட்டா இன்னும் கொஞ்ச வருசம் ஓட்டிரலாம்.

பழைய போர்ட், கொட்டாஞ்சேனை:

மருதானைத் தம்பி சொல்லுறதிலை ஒரு விசயம் முழுச் சரி. விண்டோஸ் 11இன்ரை 24எச்2 பதிப்புக்கு பாப்கவுன்ட் எண்ட கட்டளை ப்ராசசரிலை இருக்கவேணும், கோர் 2 டுவோவிலை அது இல்லை. குறுக்கு வழியாலையும் பூட் ஆகாது. ஆனால் தம்பி, நாலாம் ஜெனரேஷன் ஐ5உம் மைக்ரோசொப்டின்ரை பட்டியலிலை இல்லை, அது எட்டாம் ஜெனரேஷனிலை இருந்துதான். விண்டோஸ் 10இன்ரை சப்போர்ட்டும் 2025 ஒக்டோபர் 14ஓடை முடிஞ்சுது. அதாலை "எதிர்காலத்துக்கு" எண்டு சொல்லி அக்காவை அதை வாங்க வைக்கிறது நியாயமில்லை. அவவுக்கு வேண்டியது பேஜ்மேக்கரும் போட்டோஷொப்பும் முட்டாமல் ஓடுறது.

இனி அக்காவுக்கு. உங்கட சொந்தக்காரப் பெடியன் லிங்க் அனுப்பின ரேமை வாங்காதேங்கோ. நான் பழைய போர்ட்டுகளோடைதான் நாள் முழுக்க இருக்கிறன், இந்த ஒரு சாமானைப் போட்டுட்டு "போர்ட் செத்துப்போச்சு" எண்டு தூக்கிக்கொண்டு வாற ஆக்கள் கனபேர். போர்ட் சாகயில்லை. ரேம்தான் அதுக்குரியதில்லை.

விசயம் இதுதான். ரேமிலை இருக்கிற கறுப்புச் சிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்திலை 64 பிட் குடுக்கவேணும். சாதாரண டெஸ்க்டொப் ரேமிலை ஒரு சிப் 8 பிட் குடுக்கும், எட்டுச் சிப் சேர்ந்தால் 64. அந்த மலிவு ரேமிலை இருக்கிறது 4 பிட் சிப். சர்வர் ரேமுக்குப் போடுற வகை. பதினாறு சேர்ந்தால்தான் 64 வரும். ஏஎம்டியின்ரை மெமரி கன்ட்ரோலர் அதைச் சமாளிக்கும், இன்டெல் டெஸ்க்டொப் கன்ட்ரோலருக்கு அது விளங்காது. போட்டால் கறுப்புத் திரையும் பீப் சத்தமும்தான். அதாலைதான் மலிவு.

அடுத்தது, இன்டெல்லுக்கு எண்டு விக்கிற எல்லா 4 ஜிபியும் உங்களுக்குச் சரிவராது. ஜி41க்கு ஒரு குணம் இருக்குது. அது ஒரு சிப்பிலை 2 ஜிகாபிட் வரைக்கும்தான் வாசிக்கும். 2 ஜிகாபிட் சிப் எண்டால் 256 எம்பி. பதினாறு சிப் இருந்தால் 4 ஜிபி. பிறகு வந்த 4 ஜிபி ரேமுகளிலை 4 ஜிகாபிட் சிப் எட்டு மட்டும், ஒரு பக்கம்தான் இருக்கும், மற்றப் பக்கம் வெறுமை. அதை ஜி41 ஏற்காது. சில போர்ட் பாதியை மட்டும் காட்டும், சிலது எழும்பவே எழும்பாது. ப்ராசசரை மாத்தினாலும் பலனில்லை, ஜி41 மாதிரிப் பழைய போர்ட்டுகளிலை மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளை இல்லை, போர்ட்டிலை இருக்கிற நோர்த்பிரிட்ஜ் சிப்புக்குள்ளை.

கடையிலை ஸ்டிக்கரைப் பாருங்கோ. 4 ஜிபிக்குப் பக்கத்திலை 2ஆர்எக்ஸ்8 எண்டு இருக்கவேணும், 1ஆர்எக்ஸ்8 எண்டால் திருப்பிக் குடுங்கோ. ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல் ரெண்டு பக்கமும் திருப்பி எட்டும் எட்டும் எண்ணிப் பாருங்கோ. பிறகு பிசி3-10600யு அல்லது 12800யு. கடைசி எழுத்து யு ஆய் இருக்கவேணும், ஆர் எண்டால் சர்வர் சாமான். வேகத்துக்கு எண்டு கூடக் காசு குடுக்காதேங்கோ, 1600 போட்டாலும் உங்கட போர்ட்டிலை 1066இலைதான் ஓடும். பிசி3எல் எண்டு இருந்தால் அது 1.35 வோல்ட் வகை, 1.5 வோல்ட்டிலையும் ஓடும், பயமில்லை. ஒண்டு கவனம்: ஜி41 போர்ட்டிலை சிலது டிடிஆர்2, சிலது டிடிஆர்3. ரெண்டுக்கும் 240 பின், ஆனால் வெட்டு இருக்கிற இடம் வேறை. ஆகவே இப்ப இருக்கிற ரேமைக் கழட்டிக் கையிலை கொண்டு போங்கோ. விலை நான் எழுதமாட்டன், யுனிட்டி பிளாசாவிலை ஒரே மாடியிலை ரெண்டு கடைக்கு ரெண்டு விலை.

விண்டோஸ் 32 பிட்டோ 64 பிட்டோ எண்டு நீங்கள் எழுதயில்லை. 2 ஜிபியோடை 2010இலை போட்டதெண்டால் அனேகமாய் 32. கம்ப்யூட்டர் ஐகொனிலை வலது கிளிக் பண்ணி ப்ரொப்பர்டீஸ் பாருங்கோ. 32 எண்டால் 8 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் பாவிக்கும், மிச்சம் சும்மா கிடக்கும். 64 பிட்டுக்கு மாறவேணும், அது மேலாலை ஏத்த ஏலாது, புதுசாய்ப் போடவேணும்.

இன்னொண்டு கேக்கிறன். படங்களை எத்தினை டிபிஐயிலை ஸ்கேன் பண்ணுறியள்?

மலர்ப்பக்கம்:

இவ்வளவு விளக்கமாய் எழுதினதுக்கு நன்றி அண்ணை. பார்த்தன், 32 பிட்தான். ரேமைக் கழட்டிப் பார்த்தன், 2ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யு எண்டு கிடக்குது. கழட்டேக்கை தங்க நிறக் கோடுகள் மங்கிப்போய், ஒரு மூலையிலை பச்சை பிடிச்ச மாதிரி. எங்கட வீடு மரைன் டிரைவுக்குக் கிட்ட, கடற்காத்துக்கு ஜன்னல் கம்பியே நிக்குதில்லை.

ஸ்கேன் நெடுக 600தான். அச்சகத்திலை ஒருக்கால் படம் கலங்கல் எண்டு சொன்னதிலை இருந்து அப்பிடித்தான். மூடியைத் திறந்து படத்தை வச்சு ஸ்கேன் எண்டு அமத்துவன், முழுக் கண்ணாடியும் வரும், பிறகு போட்டோஷொப்பிலை வெட்டுவன்.

64க்கு மாறத்தான் பயம். பேஜ்மேக்கர் வேலை செய்யாட்டி நான் தெருவிலை. இத்தினை வருசத்து மலர் எல்லாம் அதிலைதான் இருக்குது. பாமினி எழுத்துக்கு என்ன நடக்கும்? பிரின்டருக்கு?

பழைய போர்ட், கொட்டாஞ்சேனை:

அக்கா, உங்கட வருத்தத்திலை பாதி ஸ்கேனரிலை கிடக்குது. கணக்குப் பாருங்கோ. முழு ஏ4 கண்ணாடியை 600இலை எடுத்தால் 4961க்கு 7016 புள்ளி. ஒரு புள்ளிக்கு மூண்டு பைட். 100 எம்பிக்கு மேலை, ஒரே ஒரு படத்துக்கு. லேயர் ஒண்டு கொப்பி பண்ணினால் இன்னொரு 100. ஹிஸ்டரியிலை போட்டோஷொப் முந்தின நிலைகளையும் வச்சிருக்கும். உங்கட 2 ஜிபியிலை விண்டோஸ் எடுத்து, ஒன்போர்ட் கிராபிக்ஸ் கொஞ்சம் எடுத்து, கோரலும் திறந்து கிடந்தால் மிச்சம் என்ன? இடம் காணாமல் போட்டோஷொப் ஹார்ட் டிஸ்க்கிலை ஸ்க்ராட்ச் எண்ட தற்காலிக ஃபைல் எழுதத் தொடங்கும். அந்த அணையாத லைட் அதுதான்.

அடையாள அட்டை அளவுப் படம், 35க்கு 45 மில்லிமீட்டர், அதை மட்டும் கட்டம் போட்டு 600இலை எடுத்தால் மூண்டு எம்பியும் வராது. சின்னப் படத்தைப் பெருப்பிக்க வேணுமெண்டால் 1200இலையும் எடுங்கோ, குறையில்லை. ஆனால் ப்ரிவ்யூ பார்த்து, படத்தைச் சுத்திக் கட்டம் போட்டு, அந்தத் துண்டை மட்டும். அளவு மாத்தாமல் அப்பிடியே அச்சுக்குப் போற படத்துக்கு 300 தாராளம். இதுக்கு ஒரு சதமும் செலவில்லை, இண்டைக்கே செய்யலாம்.

பேஜ்மேக்கர் 7 ஒரு 32 பிட் புரோகிராம். 64 பிட் விண்டோஸ் 7 அதை ஓட்டும். 64 பிட்டிலை ஓடாதது 16 பிட் சாமான்கள்தான், 90களிலை வந்த புரோகிராம்கள், சிலதின்ரை இன்ஸ்டோலர்கள். பாமினி வெறும் டிடிஎஃப் ஃபைல், ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலை இருந்து கொப்பி பண்ணி வையுங்கோ, அதுக்கு எத்தினை பிட் எண்ட கவலையே இல்லை. எல்பிபி2900க்கு 64 பிட் டிரைவர் இருக்குது, கெனன் தளத்திலை இருந்து இறக்கலாம். அந்தப் பிரின்டருக்கும் இந்த ரேம் உதவும், ஏனெண்டால் அதுக்குள்ளை 2 எம்பிதான் மெமரி. பக்கத்தைத் தயார் பண்ணுற வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்து அனுப்புது. நினைவு மலர் நடுப்பக்கம் படத்தோடை வரேக்கை பிரின்டர் முக்கிறது அதாலைதான்.

ஆனால் "ஓடும்" எண்டு ஒருத்தன் எழுதினதை நம்பி உங்கட பிழைப்பை வைக்காதேங்கோ, நான் எண்டாலும். இப்பிடிச் செய்யுங்கோ. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடவேண்டாம், கேபிளைக் கழட்டி ஒரு பக்கத்திலை வையுங்கோ. சின்னதாய் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி எடுத்து அதிலை 64 பிட் விண்டோஸ் 7. பெட்டியோடை வாங்கின டிவிடி எண்டால் அதே கீ, அதே எடிஷன் 64 பிட்டுக்கும் பாவிக்கலாம். பேஜ்மேக்கர், கோரல், எழுத்து எல்லாம் போட்டு, முடிஞ்சுபோன ஒரு மலரைத் திறந்து பிரின்ட் எடுத்துப் பாருங்கோ. குழம்பினால் கேபிளைப் பழைய டிஸ்க்குக்கு மாத்துங்கோ, அதே மெஷின், அதே 32 பிட், ஒண்டும் தொலையாது. உங்கட போர்ட்டிலை எஸ்எஸ்டி தன்ரை முழு வேகத்திலை ஓடாது, டிஸ்க் பூட்டுற இணைப்புப் பழைய சாட்டா 2தான். எண்டாலும் அந்த 320 ஜிபி டிஸ்க்கோடை ஒப்பிடவே ஏலாது. போட்டோஷொப்பிலை ஸ்க்ராட்ச் டிஸ்க்கையும் எஸ்எஸ்டிக்கு மாத்தி விடுங்கோ. சிஎஸ்3 32 பிட் புரோகிராம்தான், ஆனால் 64 பிட் விண்டோஸிலை அதுக்குக் கூட இடம் கிடைக்கும்.

ஒரு நிபந்தனை: அந்த மெஷினை இன்டர்நெட்டிலை விடாதேங்கோ. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடை பாதுகாப்பு அப்டேட் நிண்டுபோச்சு, குரோமும் 109ஆம் பதிப்போடை கைவிட்டுது. படங்களை ஃபோனிலை வாங்கிக் கேபிளாலை மாத்துங்கோ.

பச்சைக்கு: பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பராலை அந்தக் கோடுகளை மெல்லமாய், ஒரே திசையிலை. பிறகு ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் துணியிலை தொட்டுத் துடைச்சு, ரப்பர் தூள் ஒண்டும் நிக்காமல் பாருங்கோ. ஸ்லொட்டுக்குள்ளை ரப்பர் விடாதேங்கோ, சின்ன பிரஷ் போதும். பூட்டேக்கை பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனை ஒருக்கால் அமத்தி விட்டு, கேசிங் இரும்பைக் கையாலை தொட்டுட்டு வேலையைத் தொடங்குங்கோ. வெட்டுச் சரியாய் இருந்தால் ரேம் தன்ரை பாட்டிலை இறங்கும், ரெண்டு பக்கக் கிளிப்பும் டக் எண்டு பூட்டுப்படும் வரை அமத்துங்கோ.

மருதானைப் பையன்:

அண்ணே ஒத்துக்கிறேன், ஸ்கேன் கணக்கு எனக்குத் தோணல. ஆனா எஸ்எஸ்டி, ரேம் ரெண்டு, ரெண்டையும் கூட்டினா பழைய ஐ5 விலையில பாதி வந்திருமே? அந்த ஐ5லயும் விண்டோஸ் 7 போடலாம்.

பழைய போர்ட், கொட்டாஞ்சேனை:

வரும் தம்பி. எஸ்எஸ்டி ஆனால் வீண்போகாது, நாளைக்கு ஐ5 வாங்கினாலும் கழட்டி அதிலை போடலாம். ரேம் காசு மட்டும்தான் இந்தப் போர்ட்டோடை போற காசு. இப்ப இருக்கிற நிலைமையையும் யோசியுங்கோ, 2025 கடைசியிலை இருந்து டிடிஆர்4, டிடிஆர்5 விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்தனீங்கள்தானே. ஏஐ டேட்டா சென்டர்காரர் அள்ளுகினம். இந்த நேரத்திலை புது மெஷின் எடுக்கிற ஆளுக்குப் பொறுத்திருங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். போர்ட்டிலை கப்பாசிட்டர் வீங்கியிருந்தால் கதை வேறை. அக்கா, ப்ராசசரைச் சுத்தி நிக்கிற சின்ன உருளைகளின்ரை தலை தட்டையாய் இருக்குதோ பாருங்கோ. உப்பியிருந்தால் ஒரு சதமும் செலவழிக்காதேங்கோ, தம்பி சொன்ன ஐ5தான்.

மலர்ப்பக்கம்:

உருளை எல்லாம் தட்டை. ஸ்கேனைச் சொன்ன மாதிரி மாத்தின உடனையே வித்தியாசம் தெரிஞ்சுது, ரேம் வாங்க முதலே. போட்டோஷொப் திறந்து கிடக்கேக்கை கோரல் வருகுது.

சனிக்கிழமை 100 பஸ்ஸிலை போய் ரேமும் எடுத்திட்டன். கடைப் பெடியன் மேசையிலை கொண்டுவந்து பரப்பினதிலை முக்கால்வாசி ஒரு பக்கம் வெறுமை. நான் ரேமைத் திருப்பித் திருப்பிச் சிப் எண்ணுறதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. "எது போட்டாலும் ஓடும் அன்ரி" எண்டார். அப்ப இந்த ஜி41இலை ஓடாட்டித் திருப்பி எடுப்பன் எண்டு பில்லிலை எழுதுங்கோ எண்டன். பிறகு உள்ளுக்குப் போய் வேறை பெட்டியிலை இருந்து ரெண்டு பழைய ரேம் எடுத்து வந்தார், ரெண்டு பக்கமும் சிப், 2ஆர்எக்ஸ்8. எழுதியும் தந்தார், மூண்டு மாதம்.

வீட்டிலை பூட்டினன். முதல் பீப் அடிச்சுது, நெஞ்சு பக்கெண்டுது. இடது பக்கக் கிளிப் முழுக்கப் பூட்டுப்படயில்லை, அமத்தினவுடனை வந்திட்டுது. பயோஸிலை 8192 காட்டுது. பழைய விண்டோஸிலை "8.00 ஜிபி, பாவிக்கக்கூடியது 3.24" எண்டு நீங்கள் சொன்ன மாதிரியே கிடக்குது. எஸ்எஸ்டி தை பிறந்த பிறகு, இப்ப கையிலை ரெண்டு மலர் வேலை இருக்குது. அதுவரைக்கும் இப்பிடியே ஓட்டலாம்தானே?

பழைய போர்ட், கொட்டாஞ்சேனை:

ஓட்டலாம், 2க்கு 3.24 நல்ல வித்தியாசம். ஆனால் பழைய ரேம்தானே, அந்த மூண்டு மாதத்துக்குள்ளை மெம்டெஸ்ட்86+ எண்ட ரேம் சோதிக்கிற புரோகிராமைப் பென் டிரைவிலை போட்டு ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கோ. ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேமையும் பில்லையும் கொண்டு போய் மாத்துங்கோ. பிழையான ரேம் மெஷினை நிப்பாட்டுறதோடை விடாது, சேவ் பண்ணுற ஃபைலையும் பழுதாக்கிப் போடும். அதுவரைக்கும் மலர் ஃபைல் எல்லாத்துக்கும் வெளியிலை ஒரு கொப்பி வையுங்கோ.

தெஹிவளை ஸ்டூடியோ:

நடுவுல கேக்கிறதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ஏஎம்டியோட ஏஎம்3 போர்ட் ஒண்ணு இருக்கு, டிடிஆர்3. அப்ப அந்த "ஏஎம்டிக்கு மட்டும்" ரேம் எனக்கு லாபம்தானே?

பழைய போர்ட், கொட்டாஞ்சேனை:

ஏஎம்3 எண்டால் அனேகமாய் ஏற்கும். உங்கட போர்ட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து எடுங்கோ, தபாலிலை எடுக்காதேங்கோ. பிறகு அந்த ரேமை விக்கேக்கை வாங்குற ஆளிட்டை என்ன போர்ட் எண்டு கேட்டுட்டு வில்லுங்கோ, இன்டெல்காரர் எண்டால் ரெண்டு நாளிலை என்ரை மேசைக்குத்தான் வரும்.